தள்ளுபவரைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு கன மீட்டர் பச்சைக் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ எடை இருக்கும். 65 லிட்டர் பிடிக்கும் வீல்பேரோவில் தலைதட்டி அள்ளினால் பாரம் 150 கிலோவைத் தாண்டிவிடும். முன்னால் இருப்பது ஒரே சக்கரம். அதில் காற்று குறைந்தால் கூடுதல் சிரமமெல்லாம் தள்ளுகிறவரின் தோளிலும் இடுப்பிலும்தான் ஏறும். இந்தச் சக்கரங்களைப் பழுது பார்ப்பவர்களைச் சந்திக்கத் தாம்பரத்தை அடுத்த படப்பைப் பக்கம் போயிருந்தேன். கட்டட வேலை நடக்கும் சைட்டுகளுக்கு நடுவே சாலையோரப் பஞ்சர் கடை. ஒரு கம்ப்ரஸர், தண்ணீர் நிரப்பிய அரை டிரம், கம்பியில் தொங்கும் பழைய டயர்கள். அவ்வளவுதான் கடை.

பெரியாள் ஒருவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். “நேத்து சாயங்காலம்தாண்ணே ஒட்டிட்டுப் போனேன். வேற கடையில. காலையில பாத்தா சப்பையா கிடக்கு.”

கடைக்காரர் வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைக் கழற்றினார். முதலில் வால்வு பின்னைத் திருகி எடுத்து, மிச்சம் மீதி இருந்த காற்றையும் வெளியேற்றினார். இந்த ரிம் இரண்டு தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்தது. உள்ளே காற்று இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தினால் தகடு தெறித்து முகத்தில் அடிக்கும். “காத்து முழுசா இறங்காம ஸ்பானரையே தொடக் கூடாது” என்று பக்கத்தில் நின்ற பையனுக்குச் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்.

ட்யூபில் காற்றடித்து டிரம்மில் அமுக்கினார். பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே குமிழி வந்தது. அந்த இடத்தில் குறி வைத்தவர், ட்யூபை ஓரமாக வைத்துவிட்டு டயரை எடுத்தார். கந்தல் துணி ஒன்றை உள்பக்கம் ஒரு சுற்று ஓட்டினார். ஓரிடத்தில் துணி சிக்கியது. குறடால் இழுத்ததும் வந்தது, கம்பி கட்டும் பைண்டிங் கம்பியின் சிறு துண்டு. முன்பு ஒட்டியவர் ட்யூபை மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறார். கம்பி உள்ளேயே இருந்து மறுபடி குத்தியிருக்கிறது.

ஓட்டையைச் சுற்றி அரத்தால் தேய்த்துச் சொல்யூஷன் தடவியவர், உடனே ஒட்டவில்லை. பளபளப்பு மறைந்து, விரலில் லேசாகப் பிசுபிசுக்கும் வரை காத்திருந்தார். “ஈரத்துல வச்சா நழுவிடும் தம்பி.” பிறகு பேட்ச்சை வைத்து, சுத்தியலின் பிடியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தினார்.

எல்லாப் பஞ்சருக்கும் ஆணியும் கம்பியும் காரணமில்லை. ஒட்ட வந்திருந்த இன்னொரு ட்யூபைக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள், பாம்பு கொத்தினது மாதிரி. காற்று குறைந்த டயரோடு கல்லில் ஏற்றும்போது, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் ட்யூப் நசுங்குவதால் வருவது அது. இதற்கு மருந்து, டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றடிப்பதுதான். பல வீல்பேரோ டயர்களில் அது 30 பி.எஸ்.ஐ. வாக்கில் இருக்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சைட் சூப்பர்வைசர் வந்து, எல்லா வண்டிக்கும் ரப்பர் கட்டை வீல் மாட்டிவிடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கெட்டி ரப்பர் சக்கரத்துக்குப் பஞ்சரே கிடையாது. தளம் போட்ட தரையில், ஆணி சிதறிக் கிடக்கும் சென்ட்ரிங் வேலையில் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் எடை கூடுதல். மேடுபள்ளத்தின் அதிர்வை அப்படியே கைக்கு அனுப்பும். அகலம் குறைந்ததாக இருந்தால் மழைக்குப் பிந்திய சேற்றில் புதைந்து நின்றுவிடும். பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் சக்கரம் கெட்டி ரப்பருக்கும் காற்றடைத்த டயருக்கும் இடைப்பட்டது: பஞ்சர் ஆகாது, எடையும் குறைவு. ஆனால் வெயிலிலும் பாரத்திலும் மலிவான சரக்கு சீக்கிரம் பிளந்துவிடும். கரடுமுரடான மண் தரைக்குக் காற்றடைத்த டயரே ஏற்றது.

அடுத்தது அளவு. டயரில் 4.00-8 என்று இருந்தால், அகலம் 4 அங்குலம், ரிம் விட்டம் 8 அங்குலம். பஜாஜ் ஆட்டோவில் ஓடும் அளவும் இதுவே என்பதால் டயரும் ட்யூபும் எந்த ஊரிலும் கிடைக்கும். முழுச் சக்கரமாக மாற்றுவதென்றால் இது மட்டும் போதாது. ஆக்ஸிலின் தடிமன், ஹப்பின் நீளம், சக்கரத்தின் மொத்த உயரம் மூன்றையும் அளந்துகொண்டு போக வேண்டும். ஆக்ஸிலை விடப் பேரிங்கின் துளை பெரிதாக இருந்தால் சக்கரம் ஆடிக்கொண்டே ஓடி, சீக்கிரமே பேரிங்கைத் தின்றுவிடும்.

சூப்பர்வைசருக்குப் பஞ்சர் செலவு கணக்கில் தெரிகிறது. தள்ளுகிறவரின் மணிக்கட்டு வலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் தவறான சக்கரம் மலிவாகத் தோன்றுகிறது. மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு சக்கரத்தை மாட்டி, கலவை நிரப்பி, தினமும் தள்ளுகிறவரிடம் கொடுத்து ஒரு நாள் ஓட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். சைட்டில் ஒரு பம்பும் காற்றளவு பார்க்கும் கேஜும் வைத்தாலே பாதிப் பஞ்சர் கடைக்கு வராது என்று, பஞ்சர் ஒட்டியே பிழைக்கும் அந்த மனிதரே சொன்னார்.