விடுதிக்கு அனுப்பும் முன்

விளையாட்டில் திறன் காட்டும் பிள்ளைக்கு விடுதிப் பள்ளியிலிருந்து அழைப்புக் கடிதம் வந்துவிட்டால், அந்த வீட்டில் மகிழ்ச்சிக்கு அளவிருக்காது. உறவினர்க்குச் செய்தி போகும். கோயிலில் அருச்சனை நடக்கும். கடைத்தெருவுக்குச் சென்று புதிய பையும் புதிய காலணியும் வாங்குவார்கள். பைக்குள் என்னென்ன வைக்க வேண்டும் என்று தாய் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பாள். ஆனால், அந்தப் பையைத் தூக்கிச் செல்லப் போகும் உடலுக்குள்ளும் உள்ளத்துக்குள்ளும் என்ன வைத்து அனுப்புவது என்பதைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பாடம் தொடங்குவதற்கு முன்பே பயிற்சி முகாம் தொடங்கிவிடும். அதற்கு ஆயத்தமாகாத பிள்ளை, முதல் இரண்டு வாரத்திலேயே மூன்றாண்டுக் கனவை இழந்துவிடக் கூடும்.

மலேசியாவில் இத்தகைய வாய்ப்பு நெடுங்காலம் இருந்ததில்லை. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற ம. ஜெகதீசனும், அதே போட்டியில் பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ம. இராஜாமணியும் எந்த விளையாட்டுப் பள்ளியிலும் பயின்றவர்கள் அல்லர். அக்காலத்தில் அப்படியொரு பள்ளியே இங்கு இல்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996ஆம் ஆண்டிலும், ஜொகூர் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி 1998ஆம் ஆண்டிலும் தோன்றின. சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆக, பிள்ளையை விளையாட்டுக்கென்று விடுதிக்கு அனுப்பும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தலைமுறை அளவிலான பழக்கமே. கல்விக்காகப் பிள்ளையைப் பிரிவது எப்படி என்று பாட்டி சொல்லித் தருவாள். பயிற்சி முகாமுக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்வது எப்படி என்று சொல்லித்தர வீட்டில் மூத்தோர் இல்லை. அந்தக் குறையை நிரப்ப வேண்டியவர், பெரும்பாலும் அப்பிள்ளையின் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே.

முதலில் உடலைப் பார்ப்போம். ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளின் வாழ்க்கை எவ்வாறு இருக்கும் என்பதை அறியாதவர் யார்? பின்னிரவு வரை கைப்பேசி. காலை பத்து மணிக்கு விழிப்பு. நண்பகலில் விசிறிக்கடியில் படுக்கை. இந்த நிலையிலிருந்து திடீரென விடியற்காலை ஓட்டம், மாலைப் பயிற்சி என நாளுக்கு இருமுறை உழைக்கும் முகாமுக்குள் தள்ளப்பட்டால் உடல் எப்படித் தாங்கும்? ஓய்ந்து கிடந்த இயந்திரத்தைக்கூட மெல்லத்தான் முடுக்குவார்கள். முகாமுக்கு எட்டு வாரத்திற்கு முன்பே, நாளொன்றுக்கு இருபது நிமிட மெல்லோட்டத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு கொடுத்துவர வேண்டும். திடீர் உழைப்புதான் காயத்தின் வாசல்.

அடுத்தது வெயில். வெப்பத்தில் உழைக்க உடல் பழகுவதற்கு ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள் தேவை. அந்நாள்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் சீர்ப்படும். அதே வேலையைச் செய்யும்போது இதயத்துடிப்பு முன்னைவிடக் குறையும். வெப்ப நாட்டிலேயே பிறந்தவனுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பர். பிறந்தது வெப்ப நாடாயினும், வளர்ந்தது விசிறிக்கடியில் அல்லவா? 2023ஆம் ஆண்டின் கடும் வெயில் காலத்தில் மலேசியப் பள்ளிகளில் திடல் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தலைசுற்றல், குமட்டல், தலைவலி ஆகியவை உடல் விடுக்கும் முதல் எச்சரிக்கைகள். பேச்சுக் குழறலும் தடுமாற்றமும் வந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. மருத்துவ வண்டி வரும்வரை காத்திராமல் உடனே நீரூற்றி உடலைக் குளிர்விக்க வேண்டும். நண்பன் ஒருவன் தடுமாறினால் சிரிக்காமல் பயிற்றுநரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதும். அடர் மஞ்சளானால் நீர் போதவில்லை. இந்த எளிய கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்வான்.

உறக்கம் மூன்றாவது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஐந்தரை மணிக்கு எழ வேண்டிய பிள்ளை, இரவு ஒன்பதரைக்குள் படுத்தாக வேண்டும் என்பது கூட்டல் கழித்தல் அறிந்த எவருக்கும் விளங்கும். இப்பழக்கத்தை விடுதியில் போய்க் கற்பது துன்பம். வீட்டிலேயே ஒரு மாதம் பழகிவிட்டால் அது இயல்பு. காலணியும் அப்படியே. புறப்படும் நாளுக்கு முதல்நாள் வாங்கிய காலணி, முகாமின் மூன்றாம் நாளில் பாதத்தில் கொப்புளமாகும். குறைந்தது மூன்று வாரம் அணிந்து பழகிய காலணியே முகாமுக்கு ஏற்ற காலணி.

ஆனால், இவையெல்லாம் ஆயத்தத்தின் பாதிதான். மறுபாதியைப் பேராக் மாநிலத் தோட்டப்புறக் குடும்பம் ஒன்றின் அனுபவம் நன்கு விளக்கும்.

தந்தை லாரி ஓட்டுநர். மகன் 800 மீட்டர் ஓட்டக்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்ததும் வெளிமாநில விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. உடல் ஆயத்தத்தில் எக்குறையும் இல்லை. தந்தை விடியற்காலையில் மிதிவண்டியில் உடன்சென்று மகனை ஓட வைத்தார். பேருந்து புறப்படும் வேளையில் மகனின் தோளைத் தட்டி, “தம்பி, ஜெயிச்சிட்டு வா. பாதியிலே திரும்பி வந்து நம்ம பேரைக் கெடுத்திடாதே” என்றார். அன்பினால் சொன்ன சொல்தான் அது. ஊக்கமூட்டுவதாகவே அவர் எண்ணினார். “சரிப்பா” என்று மகனும் தலையாட்டினான்.

முகாமின் இரண்டாம் வாரத்தில் பையனுக்குக் குதிகாலில் வலி கண்டது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நொண்டியவன், பயிற்றுநர் பார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தான். மாத்திரை வேண்டும் என்று கேட்டால் பெயர் குறிப்பேட்டில் ஏறும். குறிப்பேட்டில் ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் பேர் கெட்டுவிடும். பதின்மூன்று வயது மனம் இப்படித்தான் கணக்குப் போட்டது. ஐந்து வாரம் அவன் வலியோடு ஓடினான். ஓட்டத்தின் நேரம் குறையவில்லை, கூடியது. சோம்பல் என்று பயிற்றுநர் கடிந்துகொண்டார். அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை.

இறுதியில் அதைக் கண்டுபிடித்தவர் விடுதிச் சமையற்கூடத்தில் பணியாற்றிய ஓர் அம்மா. பையன் தட்டை ஏந்திக்கொண்டு முன்பாதத்தால் மட்டுமே நடப்பதைக் கண்டு விடுதிக் காப்பாளரிடம் சொன்னார். மருத்துவர் பார்த்தார். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு, இறுகிய தசைநாரால் இழுபட்டு வலிப்பது ஓடும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் நிலை. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் பயிற்சியைக் குறைத்து, குதிகாலுக்கு அடியில் மென்பஞ்சு வைத்து, சில வாரத்தில் தேற்றியிருக்கலாம். மறைத்ததால் அப்பருவம் முழுதும் ஓட்டம் நின்றது.

செய்தி கேட்டுத் தந்தை விடுதிக்கு வந்தார். “ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டார். “நீங்கதானேப்பா திரும்பி வராதேன்னு சொன்னீங்க” என்றான் மகன். அந்த மனிதர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மகனின் காலை எடுத்துத் தம் மடிமீது வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

வழியனுப்பும்போது சொல்லும் ஒரு சொல், பிள்ளையின் பையில் இருக்கும் பொருள் அனைத்தையும்விடக் கனமானது. “வென்று வா” என்பதைவிட, “வலித்தால் சொல், சொன்னால் யாரும் கோபிக்க மாட்டோம்” என்பதே பிள்ளையை நெடுந்தூரம் ஓட வைக்கும். தொலைபேசியில் கேட்கும் முதற்கேள்வியும் அவ்வாறே. “எத்தனையாவதாக வந்தாய்?” என்று தொடங்கும் வீட்டுக்குப் பிள்ளை வெற்றியை மட்டுமே சொல்வான். “நன்றாக உறங்கினாயா? எங்காவது வலிக்கிறதா?” என்று தொடங்கும் வீட்டுக்கே உண்மையைச் சொல்வான்.

இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. வலியைச் சொல்லத் துணிவு மட்டும் போதாது, சொல்லும் வேண்டும். தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, மரத்துப்போதல் என்று வலிக்கு எத்தனை பெயர்கள்! ஒவ்வொன்றும் வேறு நோவைச் சுட்டுவது. பிள்ளை ‘வலிக்கிறது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் மருத்துவர்க்கு எப்படி விளங்கும்? எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், ஓடும்போதா ஓய்விலா என்று வரிசையாகச் சொல்லப் பழக்குவது நல்லதொரு வாய்மொழிப் பயிற்சி. விடுதியில் பேச்சு மலாய்மொழியில் நடக்கும். ஆகவே ‘சாக்கிட்’ என்பதோடு நில்லாமல், தலைசுற்றலுக்கு ‘பெனிங்’, குதிகாலுக்கு ‘தூமிட்’ என்று உறுப்புக்கும் நோவுக்கும் உரிய மலாய்ச் சொற்களையும் பிள்ளை அறிந்து செல்ல வேண்டும். கடிதம் எழுதுதல் என்னும் பாடம் தேர்வுக்காக மட்டும் இருந்துவிடாமல், வீட்டைப் பிரிந்த பிள்ளை தன் நிலையை வீட்டுக்கு உரைக்கும் கருவியாக மாறினால், அதைவிடப் பயனுள்ள மொழிப்பாடம் வேறு எது?

சொல்லக் கற்றுத்தர வேண்டிய இன்னொன்றும் உண்டு. மூத்த மாணவர் அடித்தாலோ, பணம் பறித்தாலோ, பெரியவர் எவரேனும் தகாத முறையில் தொட்டாலோ, அது பயிற்சியின் பகுதியன்று, இரகசியமுமன்று. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க மலேசியாவில் 2017ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. 15999 என்னும் உதவி எண்ணையும், நம்பத்தக்க இரு பெரியவர்களின் எண்களையும் பிள்ளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். கைப்பேசி பறிக்கப்படலாம், மனத்தில் பதிந்ததை எவரும் பறிக்க முடியாது.

சிறுசிறு வேலைகளும் ஆயத்தமே. தன் துணியைத் தானே துவைத்தல், ஈரக் காலுறையை அன்றே உலர்த்துதல், எவரும் எழுப்பாமல் எழுதல், கொடுத்த பணத்தை மாதக் கடைசிவரை நிறுத்தி வைத்தல் ஆகியவற்றைத் தாய் செய்து கொடுத்தே பழகிய பிள்ளை, விடுதியில் ஓட்டத்தினால் களைப்பதைவிட வாழ்க்கையினால் அதிகம் களைப்பான். உண்ணும் வழக்கம், விரதம், ஒவ்வாமை, இழைப்பு மருந்து ஆகியவற்றைப் பெற்றோர் எழுத்து மூலம் காப்பாளர்க்கு முன்னரே தெரிவித்துவிடுவது நலம்.

கடைசியாக, கசப்பான உண்மை ஒன்று. அழைக்கப்படுவோர் அனைவரும் வீரராவதில்லை. வெற்றிக்கும் நேரான பாதை இல்லை. சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் பயின்ற சாந்தி பெரேரா 2015ஆம் ஆண்டு தென்கிழக்காசியப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர்; அதன்பின் காயங்களும் பின்னடைவுகளும் நிறைந்த ஆண்டுகளைக் கடந்து, 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. ஆயினும் அவர் வாழ்நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கவில்லை, மருத்துவராகப் பணியாற்றினார். பாடநூலும் பயிற்சிக் காலணியும் ஒரே பையில் இருக்கலாம். தாய்மொழியும் அப்பையில் இருக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு கோர இடமுண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

அந்த 800 மீட்டர் ஓட்டக்காரன் மறு ஆண்டு மீண்டும் ஓடினான். முகாமுக்குப் புறப்படும் மாலையில் தந்தை தோளைத் தட்டவில்லை, “கால் வலிச்சா அன்னைக்கே சொல்லிடு தம்பி, எத்தனை மணியானாலும் நான் லாரியை ஓரங்கட்டிட்டுப் பேசுவேன்” என்றார். அவ்வாண்டு மாநிலப் போட்டியில் பையன் நான்காவதாக வந்தான். பதக்கம் இல்லை. ஆனால், ஓட்டம் முடிந்த கையோடு அவனே தொலைபேசியில் அழைத்து, இடக்கால் குதியில் இலேசான இழுப்பு இருக்கிறது என்றும், காப்பாளரிடம் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தான். விளையாட்டுக்கு ஒரு பிள்ளை ஆயத்தமாகிவிட்டான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.