பின்சீட்டு சொன்ன தீர்ப்பு

சனிக்கிழமை காலையில் செனாய் வழியாகப் போகும் நெடுஞ்சாலையைப் பாருங்கள்; சிங்கப்பூர் எண் பலகையோடு பெரிய மோட்டார்கள் வடக்கே பறக்கும். காலை நிகழ்ச்சி முடிந்து வரும்போதெல்லாம் எனக்கும் கை துறுதுறுக்கும். ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை 772 கிலோமீட்டர். மோட்டாருக்கு டோல் இல்லை. பெரிய மோட்டார் ஓட்ட வேண்டிய முழு ‘பி’ லைசென்ஸும் கையில் இருக்கிறது.

கவாசாக்கி நின்ஜா 1000எஸ்எக்ஸ், 1,043 சிசி, நான்கு சிலிண்டர். யமஹா டிரேசர் 9, 890 சிசி, மூன்று சிலிண்டர். மனம் முதலில் கவாசாக்கியிடம்தான் போனது. ஆனால் சாலையில் வேக வரம்பு 110. மிச்ச குதிரைத்திறனை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

“அண்ணே, அண்ணிய பின்னால உட்கார வெச்சுப் பாருங்க, அப்புறம் வெல பேசலாம்” என்றார் பட்டறைத் தம்பி. மனைவிக்கு முதுகுவலி உண்டு. அவளை விட்டுவிட்டுப் பினாங்கு போக எனக்கு விருப்பமில்லை. கவாசாக்கியில் ஏறியதுமே முழங்கால் மடங்குகிறது என்றாள்.

நண்பரின் டிரேசரை இரவல் வாங்கி, செனாய்–டெசாரு விரைவுச்சாலையில் 77 கிலோமீட்டர் போனோம். சுங்கை ஜொகூர் பாலத்தில் பக்கக்காற்று தள்ளியது. தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். டெசாருவில் இறங்கியதும், “முதுகு பரவாயில்லைங்க, ஆனா பின்பெட்டி வேணும், சாஞ்சுக்க” என்றாள்.

பின்பெட்டியின் விலையையும் சேர்த்து, வங்கிக் கடனைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.