இறக்கியதை எங்கே வைப்பது?

மொரப்பூரில் எங்கள் வீட்டில் நெட் விட்டு விட்டுத்தான் வரும். ஒருமுறை இறக்கிய லினக்ஸ் பொதியை மறுபடி இறக்க யாருக்குப்பா மனசு வரும்? டெபியனும், சென்னை சி-டாக் அதை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதை 'வார்' அடைவின் 'கேஷ்' பகுதியில் வைக்கின்றன. அதுதான் சரி என்பேன். 'டெம்ப்'பில் வைத்தால் மெஷினை அணைத்துப் போட்டதும் போய்விடலாம். ஒருத்தர் 'ஹோம்'மில் வைத்தால் இன்னொருத்தருக்கு உதவாது. கேஷ் பொதுக்களஞ்சியம், காலி செய்தாலும் நிறுவியது கெடாது.

ஆனால் ஒன்று. 2016-ல் வந்த 1.2 பதிப்பு முதல் 'ஆப்ட்' கட்டளை, நிறுவி முடித்ததும் பொதியை அழித்துவிடும், 'ஆப்ட்-கெட்' அழிக்காது. ஆகவே 'ஆப்ட்-கெட்' போடுங்கள்; நெட் இல்லாத நண்பனுக்குப் பென்டிரைவில் கொடுங்கள். டிஸ்க் நிறைந்தால் 'ஆப்ட்-கெட் கிளீன்' இருக்கவே இருக்கிறது!