தெருவின் தாளம்

நுழையும்முன்

பதிவு செய்யப்பட்ட பாடலைத் தனியே கேட்பது ஓர் இன்பம். பாடுபவர் எதிரே நிற்க, பலரோடு கூடிக் கேட்பது வேறோர் அனுபவம். அவ்வாறு கேட்கச் சென்ற கல்லூரி மாணவி ஒருத்தி, தான் மறைத்து வந்த தெருவைப் பிறர்முன் பெயர் சொல்லி அறிவித்ததைக் கூறுகிறது இக்கட்டுரை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவைக் குறிப்பிடுகிறது. நீளம் எட்டுக் கோல். அகலம் ஏழு கோல். உயரம் ஒரு கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. இன்றைய பெருமேடைகளை நோக்க அது சிறிய அரங்கே. கலைஞரின் முகக்குறிப்பைக் காண்போர் உணரும் நெருக்கம் அதில் இருந்திருக்கும். ஒலிப்பதிவு வந்தபின் பாட்டு, பாடுபவரைப் பிரிந்து தனியே பயணம் செய்யத் தொடங்கியது. தமிழகத்தில் அப்பயணத்தில் திரையிசையே முன்னே சென்றது. அதற்கு வெளியே தாமே சொல் புனைந்து, தாமே மெட்டமைத்து, தாமே மேடை தேடிப் பாடுவோரும் உள்ளனர். அவர்களது இசையைச் சுயாதீன இசை என்கிறோம். பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலிருந்த பழைய நெருக்கத்தை அம்மேடைகளில் மீண்டும் காணலாம்.

சென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள் அம்மாணவி. கல்லூரியில் சேர்ந்த புதிதில், வீடு எங்கே என்று கேட்டவர்களிடம் 'பெரம்பூர்ப் பக்கம்' என்றே சொல்லி வந்தாள். பெரம்பூர் அருகில்தான் இருக்கிறது. எனவே அது பொய்யன்று. ஆயினும் வியாசர்பாடி என்றதும் கேட்பவர் முகத்தில் தோன்றும் மாற்றத்தைக் காண அவள் விரும்பவில்லை. அவள் தெருவில் இறப்பு நேர்ந்தால் இரவு முழுவதும் கானா பாடுவார்கள். இறந்தவரின் உழைப்பும் குறும்பும் உறவும் பாட்டில் வந்து சேரும். அதைக் கேட்டு வளர்ந்தவள், கல்லூரியில் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பிறந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் அதில் கலந்திருந்தன. தோழியர் அழைக்க, அவளும் புறப்பட்டாள். "நம்ம தெருவுல கேக்குற பாட்ட கேக்க கீழ்ப்பாக்கம் வரைக்கும் போவணுமா?" என்று தந்தை கேட்டார். அவளிடம் விடை இல்லை.

மேடையில் மின்கிதாருக்கு அருகே பறை இருந்தது. இறுதி ஊர்வலங்களில் முழங்கும் சட்டியும் இருந்தது. ஆண்களின் களமாகவே கருதப்பட்ட கானாவை இசைவாணி பாடினார். இவரே பின்னர் 2020இல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்போது தோழி ஒருத்தி, "அது என்ன மேளம்? நான் கேட்டதே இல்ல" என்றாள்.

"சட்டி. எங்க தெருவுல வாசிப்பாங்க."

"எந்தத் தெரு?"

ஒரு கணம் தயங்கியவள், "வியாசர்பாடி" என்றாள். தோழியின் முகம் மாறியதா என்று பார்த்தாள். தோழியோ, அத்தாளத்துக்கு எப்படிக் கைதட்டுவது என்று கேட்டாள்.

அதன்பின் சிறிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அவள் சென்றாள். நாற்பது பேர் அமரும் கூடங்களில் பாடகரே ஒலிபெருக்கியைச் சுமந்து வந்தார். கிதாரின் தந்தி அறுந்தபோது, அதை மாற்றி முடிக்கும்வரை அப்பாடல் பிறந்த கதையைச் சொன்னார். அறிமுகமற்ற பாடல் என்பதால் கேட்போர் சொற்களுக்குச் செவிகொடுத்தனர். வருவோர் குறைந்தால் அடுத்த நிகழ்ச்சி இல்லை என்பதையும் அவள் அறிந்தாள். கேட்பவரும் அக்கலையைத் தாங்கும் ஒரு தூண் என உணர்ந்தாள்.

எனினும் கைதட்டல் எளிது. சில வாரங்கள் கழித்து அதே தோழியுடன் பேருந்தில் சென்றபோது இறுதி ஊர்வலம் ஒன்று எதிர்ப்பட்டது. அதே சட்டி, அதே தாளம். பயணியர் சிலர் முகம் சுளித்துச் சன்னல்களை அடைத்தனர். தோழியின் கையும் சன்னலை நோக்கி எழுந்தது, பின் தாழ்ந்தது. சன்னல் திறந்தே இருந்தது. மேடையில் பெற்ற மதிப்பு தெருவுக்கு வந்துசேர இன்னும் தொலைவு உண்டு என்பதை அம்மாணவி அன்று அறிந்தாள். அத்தொலைவில் ஓர் அடி குறைந்ததையும் கண்டாள்.

தந்தையின் வினாவுக்கு அவள் சொல்லால் விடை கூறவில்லை. தெருவிலுள்ள முதிய கானா பாடகரிடம் ஒரு குறிப்பேட்டுடன் சென்று அமர்ந்தாள். ஒருவர் இறந்த இரவில் அவருக்கெனக் கட்டிய பாட்டு, பெரும்பாலும் விடிந்ததும் மறைந்துவிடுகிறது. நினைவிலிருந்தவற்றை அவர் பாட, அவள் எழுதினாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தந்தை, அவள் பிழையாக எழுதிய ஓரடியைத் திருத்தினார்.