எடை குறைந்த சுட்டி

கணினியின் அருகே கைக்கு அடங்கிக் கிடந்து, கை செல்லும் பக்கமெல்லாம் திரையின்கண் ஓர் அம்பினைச் செலுத்தும் சிறு கருவிக்குத் தமிழறிஞர் 'சுட்டி' எனப் பெயரிட்டனர். கடைத்தெருவில் அதனை 'மௌஸ்' என்றே கேட்டல் வேண்டும். சுட்டி என்று கேட்பின், கடைக்காரர் நெற்றிச்சுட்டி விற்குமிடத்திற்கு வழிகாட்டி விடுவார். ஆயினும் அப்பெயர் எமக்குப் பெரிதும் உவப்பாயிருக்கின்றது. அண்மைக்கு இகரமும், சேய்மைக்கு அகரமும், இரண்டற்கும் இடைப்பட்டதற்கு உகரமுமாகச் சுட்டெழுத்து மூன்று. இவற்றுள் உகரச்சுட்டு ஈழத்தார் பேச்சில் வாழ்கின்றதேயன்றி நம் நாட்டு வழக்கில் மறைந்தொழிந்தது. கண்ணெதிரே நின்றும் கைக்கு அகப்படாத அந்த அம்பினைச் சுட்டுதற்கு உகரத்தினும் பொருத்தமானது வேறில்லை என்பது எம் கருத்து. இதனை வகுப்பிற் கூறியபொழுது நண்பர்கள் நகைத்தனர். நிற்க.

யாம் ஈண்டு எழுதப் புகுந்தது, விளையாட்டிற்குரிய சுட்டியொன்றனை, வடமில்லாததாகவும் எடை குறைந்ததாகவும் பார்த்து, 2,500 ரூபாய்க்குள் தேர்ந்தெடுத்த வரலாறு. கணினி விளையாட்டு என்ற மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசு இதனைப் பல்விளையாட்டுப் போட்டிகளுள் ஒன்றாக ஏற்று விளையாட்டுத்துறையின்கீழ் வைத்தது. 2023இல் ஹாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் இதற்குப் பதக்கமும் அளித்தனர். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை விலக்கிய 2025ஆம் ஆண்டுச் சட்டமே இதனை அவற்றினின்றும் பிரித்து வேறு வைத்தது. யாம் இவற்றையெல்லாம் மனனம் செய்ய நேர்ந்ததற்குக் காரணம் எம் அன்னையார். சீட்டாட்டச் செயலிகளாற் குடும்பங்கள் அழிந்த செய்திகளை நாளிதழில் வாசித்தவர் அவர். "காசு கட்டி ஆடுகிறதா, ஐயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். "இல்லையம்மா, ஐவர் ஒரு பக்கமும் ஐவர் மறுபக்கமுமாக நின்று ஆடுவது. தோற்றால் ஒன்றும் போகாது" என்றோம். "சரி, நேரம் போகும்" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழியில்லை.

எமது ஊர் கல்லிடைக்குறிச்சி. பொருநையின் அக்கரையில் அம்பாசமுத்திரம், இக்கரையில் அப்பளம். எங்கள் ஊர் அப்பளத்தின் சுவைக்கு ஆற்றுநீரே காரணமென்பர் சிலர். பிரண்டைச்சாறே காரணமென்பர் வேறு சிலர். அதனை இட்டுப் பரப்பும் பெண்களின் மணிக்கட்டே காரணமென்பது இருபுறமும் பேசாத உண்மை. எம் அன்னையாரும் அவருள் ஒருவர். உளுந்துமாவைச் சிறு வில்லைகளாக நறுக்கிக் குழவியால் வட்டமாய்த் தேய்த்துப் பரப்பி, நாள் முடிவில் மணிக்கட்டிற்குத் தைலம் தடவிக் கொள்வார். அத்தகைய வீட்டிலே, 'எமது சுட்டி கனமாயிருக்கிறது, மணிக்கட்டு நோகிறது' என்று சொல்ல நாவெழுமோ? 2,500 ரூபாய்க்கு எத்தனை அப்பளம் என்று ஒருநாள் இரவு கணக்கிட்டுப் பார்த்தோம். அந்த எண்ணை ஈண்டு எழுதவில்லை.

ஆதலின், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரத்தைத் தொடுவதில்லை என்று முதலிலேயே வரையறுத்துக் கொண்டோம். அது நூலுக்கும் பயணத்திற்கும் உரியது. மாலையில் அண்டைவீட்டுச் சிறாருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த தொகையே சுட்டிக்கு. இதனை அன்னையாரிடம் கூறியபொழுது அவர் எதிர்பாராத விடையொன்று பகர்ந்தார்: "நாள் முழுக்கக் கையில் இருப்பது எதுவோ, அதை மட்டும் பார்த்து வாங்கு. நான் குழவி வாங்க மூன்று கடை ஏறினேன்." அச்சொல்லே எம் தேர்விற்கு அளவுகோலாயிற்று.

எடை ஏன் அத்துணை முக்கியம்? எழுதுவோனும் கணக்கெழுதுவோனும் சுட்டியை இரண்டு மூன்று அங்குலத்திற்குள் நகர்த்துவர். அவர்க்கு எடை ஒரு பொருட்டன்று. குறிபார்த்துச் சுடும் ஆட்டமோ வேறு. யாம் ஆடும் வேலொரன்ட் என்னும் ஆட்டத்தில், சுட்டி ஓரங்குலம் நகர்ந்தால் 800 எண்ணிக்கை கணினிக்குச் செல்லுமாறு வைத்து, ஆட்டத்தினுள் வேக அளவை 0.4 என அமைத்திருக்கின்றோம். இவ்வளவில் ஒரு முழுச்சுற்றுத் திரும்புதற்குக் கை ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் செல்லல் வேண்டும். பின்னால் ஒருவன் வந்தால் 20 செண்டிமீட்டரை ஒரே வீச்சிற் கடந்து, கடந்தவுடன் மயிரிழை பிசகாது நிற்றல் வேண்டும். கனமான பொருளைத் தள்ளுவதும் கடினம். தள்ளியதை நிறுத்துவது அதனினும் கடினம். நிறுத்த மாட்டாமையாலேயே குறி தவறுகின்றது. ஒரு மாலையில் இத்தகைய வீச்சுக்கள் நூற்றுக்கணக்கில் நிகழும்.

இக்கருவியின் முதல் வடிவம் மரத்தால் ஆயது. அமெரிக்க நாட்டு டக்ளஸ் எங்கல்பார்ட் என்பாரின் கருத்தை ஏற்றுப் பில் இங்கிலிஷ் என்பார் 1964இல் அதனைச் செய்தார். பின்னே தொங்கிய வடம் வால்போல் தோன்றியமையால் அதற்கு எலி என்று பெயர் வந்தது. இன்று வால் போயிற்று, பெயர் நிற்கின்றது. வடமற்ற சுட்டி விளையாட்டிற்கு உதவாது, செய்தி தாமதித்துச் சேரும் என்றொரு கொள்கை நெடுநாள் வழங்கியது. எம் நண்பருட் சிலர் இன்றும் அதனையே ஓதுகின்றனர். பழைய கருவிகளுக்கு அது பொருந்தும். இப்போதைய விளையாட்டுச் சுட்டிகள், நொடிக்கு 1,000 முறை தம் நிலையைத் தெரிவிக்கின்றன. சாதாரணச் சுட்டி 125 முறையே தெரிவிக்கும். ஒன்று கவனிக்கத்தக்கது: இவ்வேகம் கருவியோடு வரும் சிறு யூஎஸ்பி ஏற்பியின் வழியே கிட்டும், புளூடூத் வழியே கிட்டாது. 'வடமற்றது' என்று மட்டும் பெட்டிமேல் எழுதியிருந்தால், எவ்வழி என்று கேட்டறிதல் கடன்.

பெட்டிமேல் எழுதப்படுபவை பற்றி இன்னும் சொல்லலாம். 12,000 டிபிஐ, 26,000 டிபிஐ என்று கொட்டை எழுத்திற் பொறிப்பர். எண் பெரிதாயின் பொருளும் பெரிது போலும் என்று மயங்குவோர் பலர். குறிபார்க்கும் ஆட்டங்களில் தேர்ந்த ஆட்டக்காரருட் பெரும்பாலார் வைத்துக்கொள்வது 400 அல்லது 800. எஞ்சியவை விளம்பரத்திற்கு. அவ்வாறே எடையும். எம் நண்பரொருவர் 'மிக இலேசானது' என்ற சொல்லை நம்பி இணையவழியே வாங்கிய ஒரு சுட்டியை எமது வீட்டு மின்தராசில் வைத்தோம். அப்பளக்கட்டு நிறுக்கும் அத்தராசு ஒரு கிராம் வரை காட்டும். 121 கிராம்! நண்பர் தராசின்மேற் குற்றஞ் சாட்டினார். அன்னையார் அது கேட்டு, அத்தராசு நாள்தோறும் தம் கூலியை அளப்பதென்றும், அதில் ஐயம் வேண்டா என்றும் கூறினார்.

ஆகவே தேடினோம். மாலை இரயிலில் சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று நிலையங்கள் கடந்து செல்ல, யாம் கிராம்களைப் படித்துக்கொண்டு வந்தோம். உயர்ந்தவை உயர்ந்தே இருந்தன: லாஜிடெக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமிற்குட்பட்டது, விலையோ எமது தொகையின் பன்மடங்கு. அட்டாக் ஷார்க், விஎக்ஸ்இ முதலிய சீன நாட்டுப் புதுப்பெயர்கள் ஐம்பது கிராமளவிற் சுட்டிகள் செய்கின்றன; உள்ளிருக்கும் உணர்கருவியும் தரமானதே. அவற்றின்மேல் எமக்கு ஆசை மிகுந்தது, உண்மை. ஆயின் அவை பழுதுற்றால் எவரிடம் கொண்டு செல்வது? விற்றவர் முகவரி ஓரிடம். செய்தவர் முகவரி கடல்கடந்து. இரண்டாவது சுட்டி வாங்கும் வசதியுள்ளவர்க்கே முதற்சுட்டியிற் சூதாடல் தகும்.

எஞ்சியது லாஜிடெக் ஜி304. மேல்நாட்டில் ஜி305 என வழங்குவதும் இதுவே. 2018இல் வந்த பழம்பொருள். நொடிக்கு 1,000 முறை தெரிவிக்கும். உணர்கருவியிற் குறைகூற ஏதுமில்லை. ஏஏ அளவு மின்கலம் ஒன்றிட்டால் 250 மணிநேரம் வரை ஓடுமென்பர். நீளம் ஏறக்குறைய 117 மில்லிமீட்டர். எம் கை சிறிது. உள்ளங்கை முழுவதையும் படியவைக்காது, விரல்களை வளைத்து நகத்தாற் பற்றுவதுபோற் பிடிக்கும் பழக்கமுடையோம். ஆதலின் இக்குறுகிய உடல் பொருந்தும். கை பெரியோர்க்கும் உள்ளங்கை முழுதும் படிய வைப்போர்க்கும் இது பொருந்தாது. அவர்கள் எடையைப் பாராது முதலில் வடிவைப் பார்ப்பாராக. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் மாதிரிக்கு வைத்திருந்ததைப் பற்றிப் பார்க்க விட்டனர், அது பெரும்பேறு. தள்ளுபடி நாட்களில் விலை எமது எல்லைக்குச் சற்று உட்பட்டு வந்தது. ஒரு குறைதான் இருந்தது: 99 கிராம். இலேசு என்று அதனை எவரும் சொல்லார்.

வாங்கி வந்த அன்று அன்னையார் அதனைக் கையிலெடுத்து, மாவின்மேற் குழவியை உருட்டுவதுபோல் மேசைமேல் முன்னும் பின்னும் செலுத்தினார். "இது கனமில்லை, ஐயா. பின்பக்கம்தான் இழுக்கிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறான்?" என்றார். இணையத்திற் பத்துநாட் படித்தும் யாம் கருதாதது அது. மின்கலம் இருப்பது உள்ளங்கையின் கீழ்ப் பின்புறத்தே. தராசில் முழுச்சுட்டி 98 கிராம். மின்கலம் மட்டும் 23. உடல் 75 கிராமே. எடையில் ஏறத்தாழக் காற்பங்கு, விலைகொடுத்து வாங்கிய கருவியினுடையதன்று, உடன்வந்த மின்கலத்தினுடையது.

இதன்மேல் வழி எளிதாயிற்று. ஏஏ, ஏஏஏ என்னும் இருவகை மின்கலங்களும் தருவது ஒரே 1.5 வோல்ட்டு, வேறுபாடு உருவிலும் கொள்ளளவிலுமே. ரேசர் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஓரோச்சி வி2 என்னும் சுட்டியில் இரண்டனுள் எதனையும் இடுமாறு குழியே அமைத்துள்ளனர். ஜி304இல் அவ்வமைப்பில்லை; ஆயின் ஏஏஏ மின்கலத்தை ஏஏ உருவாக்கும் பிளாஸ்டிக் உறை கிடைக்கின்றது; நீளத்திற் குறையும் ஆறு மில்லிமீட்டரை அதன் உலோகமுனை நிரப்பும். அல்கலைன் வகை ஏஏஏ பன்னிரண்டு கிராம் அளவினது. லித்தியம் வகை எட்டுக் கிராமிற்குட்பட்டது, விலை மட்டும் சில மடங்கு மிகுதி. மீண்டும் மின்னேற்றும் வகை ஏஏ சிக்கனமாயினும் அல்கலைனினும் கனத்தது. எம் நோக்கிற்கு மாறானது. லித்தியம் ஏஏஏயும் உறையும் இட்டு நிறுத்தோம்: 86. பன்னிரண்டு கிராம் குறைந்தது, அதுவும் பின்பக்கத்தில். அன்னையார் மறுபடியும் உருட்டிப் பார்த்து, "இப்போது நடுவில் நிற்கிறது" என்றார். 86 கிராம் 63 ஆகிவிடாது. ஆயினும் வீச்சின் முடிவிற் சுட்டி வழுக்கிச் செல்வது கண்கூடாகக் குறைந்தது. மணிக்கட்டு நோவும் தணிந்தது.

இதற்கு ஈடாக நாம் கொடுப்பது கால அளவு. சிறிய மின்கலம் பாதிக் காலமும் தாங்காது என்று கணக்கிட்டிருக்கின்றோம்.

வாங்க எண்ணுவோர்க்கு இன்னுமொரு செய்தி. ஏற்பியைக் கணினியின் பின்புறத்தே செருகி மறைத்துவிட்டு, 'அம்பு தயங்குகிறது' என்று கருவியைப் பழிப்பாரை விடுதிகளிற் காண்கின்றோம். நீலநிற முனையுடைய வேகமான யூஎஸ்பி வாயில்களில் வன்தட்டு முதலியன இயங்கும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கலக்கும். இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டது. விடுதியின் வைஃபையும் பெரும்பாலும் அதே அலையில் நெரிசலிடும். ஏற்பியோடு வரும் நீட்டிப்பு வடத்தை எறிந்துவிடாது, சுட்டியின் அருகே ஒரு சாண் தொலைவில் ஏற்பியைக் கொணர்ந்து வைத்தாற் போதும். எம் நண்பரின் 121 கிராம் சுட்டிகூட அவ்வாறு செய்தபின் தயங்கவில்லை. கனம் மட்டும் அவ்வாறே இருக்கின்றது.

லித்தியம் மின்கலம் இட்ட நாளைப் பெட்டியின் உட்புறத்தே பென்சிலால் எழுதி வைத்திருக்கின்றோம். நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம் ஆட்டம். அதற்குமேல் அன்னையார் விளக்கை அணைத்துவிடுவார். இன்றைக்கு ஐம்பத்துமூன்றாம் நாள். இன்னும் ஓடுகின்றது.