குழாய்த் தண்ணீர் பிறந்த காடு

கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குக் காடு என்றால் விளைநிலம் என்று பொருள். "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்று கோவில்பட்டிப் பக்கத்தில் ஒருவர் சொன்னால், அவர் பருத்தி எடுக்கவோ உளுந்து பறிக்கவோ செல்கிறார் என்றே கொள்ளவேண்டும். கருவேலமும் உடையும் கண்மாய்க் கரைப் பனையுமே கண்டு வளர்ந்த கண்கள் எங்களுடையவை. அப்படிப்பட்ட எங்கள் குடும்பத்துக்கு மழைக்காட்டில் இரண்டு இரவுகள் தங்கும் பேறு 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கிட்டியது. அங்கே நாங்கள் பெற்ற படிப்பினையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அதற்கு வித்திட்டவன் எங்கள் மூத்த மகன். அப்போது அவன் உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் கணக்கர் வேலை பார்த்து வந்தான். 1964இல் புனிதர் பட்டம் பெற்ற சார்லஸ் லுவாங்காவும் அவருடைய தோழர்களும் விசுவாசத்துக்காக உயிர் ஈந்த நாடு அது என்பது தவிர, உகாண்டாவைப் பற்றி எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. ஒருநாள் அவன் புகைப்படங்கள் அனுப்பியிருந்தான். அந்நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள பிவிண்டி என்னும் மழைக்காட்டில், மலைக் கொரில்லாக்களைக் காணச் செல்வோருக்கான சொகுசு முகாமில் அவன் தங்கியிருந்தான். பெயர்தான் கூடாரம், உள்ளே தேக்குக் கட்டில், வெந்நீர்க் குளியல், இரவில் போர்வைக்கடியில் வெந்நீர்ப் பை! சேறு படிந்த காலணிகளைக் கழற்றி வைத்தால் காலையில் அவை துலக்கப்பட்டு வாசலில் இருக்குமாம்.

"அப்பா, உங்கள் திருமண வெள்ளி விழாவுக்கு நீங்களும் அம்மாவும் வாருங்கள். கொரில்லாவைக் காட்டுகிறேன்" என்று அழைத்தான். செலவை விசாரித்தோம். விமானக் கட்டணமும் முகாம் வாடகையும் தனி. காட்டுக்குள் சென்று கொரில்லாவைக் காணும் அனுமதிச் சீட்டுக்கு மட்டும் ஆளுக்கு 600 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாய். பின்னர் அது 800 டாலராக உயர்ந்தது. அந்தச் சீட்டுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரத்துக்கு நாற்பதாயிரமா? தீப்பெட்டி ஆபீசில் ஒரு பெண்பிள்ளை எத்தனை மாதம் கட்டை அடுக்கினால் இந்தப் பணம் வரும்?" என்று கேட்டுவிட்டோம். சொன்ன பிறகுதான் சொல்லின் கூர்மை எங்களுக்கே உறைத்தது. பிள்ளை ஆசையோடு நீட்டிய கையைத் தட்டிவிட்டோமே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை. சில வாரங்கள் அவன் பேச்சில் கலகலப்பு இல்லை. பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்தவன், "சரி அப்பா, அங்கே வரவேண்டாம். நம் பக்கத்து மலையையாவது சேர்ந்து பார்ப்போமா?" என்றான். மறுக்க வாய் வரவில்லை.

மாஞ்சோலைக்கு அப்பால் உள்ள குதிரைவெட்டி வன விடுதியில் இடம் கிடைத்தது. எழுபத்தெட்டு வயதான எங்கள் தாயாரையும் அழைத்துக்கொண்டோம். அம்பாசமுத்திரத்தில் அரிசியும் காய்கறியும் வாங்கி, மணிமுத்தாறு சோதனைச் சாவடியைக் கடந்து மேலே ஏறினோம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் ஒரு தனியார் நிறுவனம் அமைத்த தோட்டங்கள் அவை. சுற்றிலும் 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்.

விடுதியில் சொகுசு ஏதுமில்லை. கட்டில், கம்பளி, மங்கலான விளக்கு, காவலர் சமைத்துத் தந்த சோறும் ரசமும், அவ்வளவுதான். ஆயினும் அந்த முதல் மாலையை மறக்க இயலாது. மூடுபனி வந்து எதிரே நின்ற மரத்தை மறைத்தது, பின் மரம் மீண்டது, மலை மறைந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை இரவெல்லாம் ஓயவில்லை. மே மாதத்தில் கம்பளி போர்த்துச் செபமாலை சொன்னது எங்கள் வாழ்விலேயே அதுதான் முதல் முறை.

மறுநாள் விடியலில் காவலர் எங்களைக் காட்டோரமாக அழைத்துச் சென்றார். அட்டைகள் ஏறாதிருக்கக் காலில் உப்பும் புகையிலைத் தூளும் தடவச் சொன்னார். அப்படியும் மூன்று அட்டைகள் எங்கள் குருதியைச் சுவை பார்த்தன. ஓரிடத்தில் அவர் சட்டென்று கையை உயர்த்தினார். வெடிப்பலா மரத்தின் உச்சியில் கிளை அசைந்தது. கரிய உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, நுனியில் குஞ்சமுள்ள வால். சிங்கவால் குரங்குகள்! பதினைந்துக்குக் குறையாத கூட்டம். ஒரு தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி. அது எங்களைத் திரும்பிப் பார்த்தது. எவரும் பேசவில்லை. நற்கருணைப் பேழை முன் நிற்பது போன்ற ஓர் அமைதி எங்களை ஆட்கொண்டது.

உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர் இது. மொத்தமே நாலாயிரம் அளவில்தான் உள்ளன என்கிறார்கள். மரத்துக்கு மரம் கிளைவழியாகவே செல்லும் இயல்புடையதால், இடையில் காடு வெட்டப்பட்டால் கூட்டம் வழியின்றித் தனித்துப்போகும். இதைக் காக்கவென்றே 1976இல் களக்காடு சரணாலயம் அமைக்கப்பட்டது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத்திட்டத்திலிருந்து மீட்டு 1984இல் தேசியப் பூங்கா ஆக்கிய போராட்டத்திலும் இக்குரங்கே மக்களின் நெஞ்சைத் தொட்டது.

"பிவிண்டியிலும் இப்படித்தான் அப்பா. எட்டுப் பேருக்கு மேல் விடமாட்டார்கள். நம் சளிக்காய்ச்சல் கொரில்லாவைக் கொன்றுவிடும் என்று ஏழு மீட்டர் தள்ளியே நிற்கவேண்டும். உலகில் அவை ஆயிரத்துச் சொச்சமே. நாங்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறது, வேட்டை குறைந்து கொரில்லாக்கள் பெருகியிருக்கின்றன" என்றான் மகன். நாற்பதாயிரம் ரூபாய் முழுதும் வீண் அல்ல என்பதை அப்போது ஒப்புக்கொண்டோம். அவனும் ஒன்றை ஒப்புக்கொண்டான். 1991இல் பிவிண்டியைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அக்காட்டையே வீடாகக் கொண்டிருந்த பட்வா என்னும் பழங்குடி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலருக்கு நிலம் கிடைக்கவில்லை. முகாமுக்கு வெளியே பயணிகளுக்காக ஆடிக் காட்டியவர்கள் அவர்கள்தாம் என்பதை அவன் பிறகே அறிந்தானாம். "வெந்நீர்ப் பையோடு உறங்கியபோது அது தெரியவில்லை அப்பா" என்றான்.

திரும்பும் வழியில் ஓர் ஓடையருகே வண்டியை நிறுத்தினோம். தாயார் இறங்கி நீரில் கால் நனைத்தபடி நெடுநேரம் நின்றார். "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது ஐயா?" என்று கேட்டார். "மணிமுத்தாற்றில் சேர்ந்து, தாமிரபரணியில் கலந்து, சீவலப்பேரிக்குப் போகிறது ஆச்சி. அங்கிருந்து குழாய் வழியே நம் கோவில்பட்டிக்கு வருகிறது" என்றான் பேரன்.

தாயார் திகைத்துப்போனார். எங்கள் ஊர்க் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உப்பு நீர். ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகப் பாதி இரவில் எழுந்து இரண்டு கல் தொலைவு நடந்தவர் அவர். குழாயில் நாட்கணக்காகத் தண்ணீர் வராதபோதெல்லாம் நகராட்சியைக் குறை கூறுவதோடு எங்கள் சிந்தனை நின்றுவிடும். அந்த நீர் பிறக்கும் இடத்தை எண்ணிப் பார்த்ததில்லை. உதிர்ந்த இலைகளும் வேர்களும் பஞ்சுபோல் மழையை உறிஞ்சிவைத்து, மழையற்ற மாதங்களிலும் சிறுகச் சிறுகக் கசிய விடுவதால்தான் ஆறு ஓடுகிறது. கரிசல் கோடையில் வாய்பிளந்து கிடக்கும்போது எங்கள் வீட்டுப் பானை நிறைவது குரங்கு வாழும் அந்தக் காட்டினால். தாயார் இரு கைகளாலும் நீரை அள்ளி நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். தண்ணீரைச் சகோதரி என்றழைத்த அசிசி நகர்ப் புனிதர் எங்கள் நினைவுக்கு வந்தார்.

நாலுமுக்கில் ஒரு லைன் வீட்டு வாசலில் நின்றிருந்த அம்மாள், குளிரில் நடுங்கிய தாயாரைக் கண்டு உள்ளே அழைத்துப் பால் கலவாத தேநீர் தந்தார். காசு நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார். "என் பாட்டி காலத்திலிருந்து இந்த மலைதான் எங்கள் ஊர்" என்றார். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில், மாஞ்சோலைத் தொழிலாளரும் அவர்களுக்குத் துணை நின்றோருமாக 17 பேர் தாமிரபரணியில் மாண்டதை அவர் நினைவுகூர்ந்தார். நாங்கள் குடிக்கும் அதே ஆறு!

2024ஆம் ஆண்டில் தோட்டப் பணி நின்றது. 2028இல் முடியவேண்டிய குத்தகைக்கு முன்பாகவே தொழிலாளர்கள் மலையிறங்கத் தொடங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எங்கள் மனம் இரண்டாகப் பிளந்தது. காடு மீள்வது நல்லது. அந்தக் குட்டிக் குரங்குக்கும் எங்கள் ஊர்க் குழாய்க்கும் அது நல்லது. ஆனால் தேநீர் தந்த அந்த அம்மாளுக்கு? ஐந்து தலைமுறை உழைத்தவர்கள் வெறுங்கையோடு இறங்கினால், காடு காக்கப்பட்டது என்று நாம் மகிழ்வது எப்படி நேர்மையாகும்? பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தமது 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் கற்பித்ததன் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. பட்வா மக்களும் மாஞ்சோலை மக்களும் ஒரே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்கிறார்கள்.

எங்கள் தாயார் இன்று இறைவனடியில் இருக்கிறார். அவர் தொடங்கிவைத்த வழக்கம் ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் தொடர்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாளில், முதல் குடம் நிறைந்ததும் நாங்கள் சிலுவை அடையாளம் வரைந்து, மலைக்காகவும் மலையிறங்கிய மக்களுக்காகவும் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்கிறோம். செபம் மட்டும் போதாது என்பதை அறிவோம். ஆயினும் யாருடைய காட்டிலிருந்து, யாருடைய இழப்பிலிருந்து இந்தக் குடம் நிறைகிறது என்பதை மறவாதிருக்க அது உதவுகிறது. மறவாதவனே ஒருநாள் கை கொடுக்க எழுவான். கொரில்லாவைக் காணாத குறை எங்களுக்கு இல்லை. மகனுக்கும் இல்லை.