ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா: விண்ட்ஸரில் ஒரு மார்ச் வாரம்

கனடாவுக்குத் தெற்கே அமெரிக்கா. பள்ளிக்கூட மேப்பில் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். ஆனால், விண்ட்ஸர் நகரின் ஆற்றங்கரையில் நின்றால் அமெரிக்கா வடக்கே தெரிகிறது! டெட்ராய்ட் ஆறு வளைந்து ஓடுவதால் வந்த வேடிக்கை. எதிர்க்கரையில் டெட்ராய்ட்டின் உயரமான கட்டடங்கள். நடுவில் ஓடும் தண்ணீரில்தான் இரண்டு நாடுகளின் எல்லை.

பெரியம்மாவுக்குத் துணையாகத்தான் மார்ச் மாதம் இங்கே வந்தேன். அவர் மகள், அதாவது என் அக்கா, மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். கல்யாணமாகி கனடா வந்து, குடியுரிமையும் வாங்கிவிட்டார். ஆனால், எட்டு வருடமாக ஸ்டெதஸ்கோப் அலமாரியில் இருக்கிறது. அக்கா ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேண்டுமென்றால், நம் ஊர் எம்.டி. போல ‘ரெசிடென்சி’ பயிற்சி முடிக்க வேண்டும். கனடாவில் அதற்கான இடங்கள் குறைவு. ஒன்டாரியோவில் இடம் கிடைத்தாலும், பயிற்சிக்குப் பிறகு ஐந்து வருடம் அந்த மாகாணத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போட வேண்டும். அக்கா அதற்கும் தயார்தான். இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. அதனால்தான் பார்வை ஆற்றைத் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்பாசடர் பாலம் தெரியும் இடம் வரை நடந்தோம். 1929-ல் திறந்த பாலம். இரு நாடுகளை இணைக்கும் இந்தப் பாலம் தனியாருக்குச் சொந்தம் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அடுத்த வருடமே, 1930-ல், ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதையும் வந்துவிட்டது. விண்ட்ஸரில் குடியிருந்துகொண்டு டெட்ராய்ட் ஆஸ்பத்திரிகளுக்குத் தினமும் டியூட்டிக்குப் போய் வரும் நர்ஸுகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அக்காவின் கனவும் அதேதான். காலையில் பாலம் ஏறிப் போய், இரவு வீட்டுக்கு வந்து ஆறு வயது மகளோடு தூங்க வேண்டும்.

“எத்தனை இடத்துக்குப் போட்டே?” என்றார் பெரியம்மா.

“நூத்திப் பத்தும்மா.”

அந்த சீசனில் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். மொத்தம் 2,730 டாலர். பெரியம்மா மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை. தேர்வுக் கட்டணங்கள் தனி. அத்தனைக்கும் வந்தது ஐந்து இன்டர்வியூ. எல்லாம் வீடியோ காலில்.

அதன் பிறகு நடப்பதுதான் சுவாரஸ்யம். டாக்டர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளும் டாக்டர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும். இதற்குப் பெயரே ‘மேட்ச்’. 1952-லிருந்து நடக்கிறது. இப்போதைய முறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், இந்த மாதிரியான ஆய்வுகளுக்காக 2012-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். “ஜாதகப் பொருத்தம்னு சொல்லு” என்றார் பெரியம்மா. ஒரு வித்தியாசம், இதில் வேண்டாம் என்று சொல்ல முடியாது. விழுந்த இடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

சிக்கல் இன்னும் உண்டு. கனடா சுகாதாரத்துறையின் கடிதம் இருந்தால்தான் பயிற்சிக்கான ஜே-1 அனுமதி கிடைக்கும். பொது மருத்துவத்துக்கு அமெரிக்காவில் மூன்று வருடம், கனடாவில் நான்கு. ஆக, கனடாவின் கணக்கில் ஒரு வருடம் குறையும். வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். இதையெல்லாம் அக்கா மனப்பாடமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! ஆனால், எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்குத்தான் தெரியும். அந்த நான்கு நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மாமா மட்டும் தேவையே இல்லாமல் காரைக் கழுவிக்கொண்டிருந்தார், அந்தக் குளிரில்.

வெள்ளிக்கிழமை 12 மணி. அக்கா போனைப் பார்த்தார். டெட்ராய்ட் இல்லை. அங்கிருந்து ஒரு மணி நேரம் தெற்கே, ஓஹியோவில் உள்ள டொலிடோ. தினமும் எல்லை தாண்டிப் போய்வர முடியாத தூரம். அக்கா சிரித்தார், உடனே அழுதார். பிறகு அலமாரியைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, ரப்பர் விறைத்துப்போயிருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தார். குழந்தை யாரோடு இருக்கும் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பெரியம்மாதான் கடைசியில் கேட்டார்: “என் ரிட்டன் டிக்கெட்டைத் தள்ளிப் போட எவ்வளவுடா ஆகும்?”